நமுத்துப்போகாத அப்பளம்

பாய்,

நான்கு நாளாக என் சட்டைப்பையில் ஓர் அப்பளம் இருக்கிறது. உடையவில்லை, நமுத்துப்போகவில்லை. எட்டணாக் காசு அளவு, மஞ்சள் பிளாஸ்டிக். சட்டை மாற்றும்போது மறக்காமல் எடுத்து மறு சட்டையில் போட்டுக்கொள்கிறேன். உட்கார்ந்தால் எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்தால் உட்கார முடியவில்லை. திலக் நகரில் மகள் வீட்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கிறேன். "நேத்து கால் வலின்னு சொன்னீங்க, இன்னைக்கு என்னப்பா ரோந்து?" என்று அவள் கேட்கிறாள். அவளிடம் சொல்லி என்ன ஆகும்? உம்மிடம் சொல்ல வேண்டியது இது. நீர் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மகளோடு பாங்கில் வேலை பார்க்கிற ஓர் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள், இப்போது கோபர்கைரனேயில் வீடு. ஐம்பது வயது இருக்கும். பழைய விளையாட்டுச் சாமான்களைத் தேடிச் சேர்க்கிறாளாம். இப்படிச் சேர்க்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்களாம். போனில் ஒரு குழு வைத்து, படம் போட்டுப் பேசிக்கொள்கிறார்களாம். துணிப்பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம் பெட்டி. தாராவியில் நாம் செய்த கிச்சன் செட்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துல டாய்ஸ் பண்ணினேள்னு உங்க பொண்ணு சொன்னா. இதெல்லாம் என்னன்னு மட்டும் சொல்லுங்கோ. எங்க க்ரூப்ல ஒரு வருஷமா சண்டை."

கெட்டிலும் கப்பும் வாணலியும் அவர்களுக்குப் புரிகிறதாம். ஐந்து வளைந்த கம்பி நிற்கிற அந்த ஸ்டாண்டும், கூடவே வருகிற நான்கு வட்டங்களும்தான் புரியவில்லையாம். ஒருவர் அவை கிராமபோன் தட்டு, ஸ்டாண்டு தட்டுகளை நிறுத்தி வைப்பதற்கு என்கிறாராம். இன்னொருவர் தொலைந்துபோன தள்ளுவண்டியின் சக்கரம் என்கிறாராம். மூன்றாமவர் சூதாட்டக் காய் என்றாராம். சமையல் செட்டில் சூதாட்டம்! எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கில் ஒன்றுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை.

"மூணு பெட்டி பாத்தாச்சு அங்கிள். மூணுலயும் ஒண்ணே ஒண்ணு இப்படி, அதே இடத்துல. இது ஹாங்காங் மேக்குன்னு முடிவு பண்ணிட்டா. இவ்வளவு நைஸா இங்க யாரு பண்ணியிருப்பா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்பளம்" என்றேன்.

சிரித்தாள். "ஜோக் அடிக்கறேளா?"

யாரும் என்னை நம்பாதது புதிதில்லை. ஆனால் இதற்கு ஒரே சாட்சி நீர். உம்மை நான் விரட்டி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

உமக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நம் சரக்கை மொத்தமாக எடுத்து விற்கிற தாதர் சேட்டு, துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு செட்டைக் கொடுத்து, தீபாவளிக்குள் இதே மாதிரி வேண்டும் என்றார். நம்மிடம் இருந்தது இரண்டு கைப்பிடி மோல்டிங் மிஷின். இரும்பில் அச்சு, அந்த டையை வெட்டுவது நீர்; அதில் பிளாஸ்டிக் இறக்கி மிஷின் ஓட்டுவது நான். எல்லாச் சாமானையும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டோம், அந்த ஸ்டாண்டைத் தவிர. அதில் வைப்பதற்கென்று பெட்டியில் ஒன்றும் வரவில்லை.

நீர் கையில் எடுத்ததும் சொன்னீர்: "இது ரொட்டி வைக்கிறது வே. வாட்டின ரொட்டிய வரிசையா சொருகி மேசையில வைப்பான். கப்பல்ல நான் கழுவியிருக்கேன்லா."

ஒரே ஒரு தடவை கப்பல் சமையற்கட்டில் வேலைக்குப் போய்வந்தவர் நீர். அதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்! எனக்கு அது பொறுக்காது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷை அட்டைப்பெட்டி மூடிகளில் எழுத்துக்கூட்டிப் படித்தேன், மிஷினைப் பிரித்துப் பூட்டிக் கற்றேன். ஒருவன் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறான் என்றாலே உடம்பு முறுக்கிக்கொள்ளும். இப்போதும் அப்படித்தான்.

"வாட்டின ரொட்டிய எவனாவது நிக்க வைப்பானா? ஆறிப்போவும்லா?" என்றேன்.

"ஆறட்டும்னுதான் வைக்கான்."

"சூடா திங்கத் தெரியாதவனா கப்பல் ஓட்டுதான்?"

நீர் சிரித்தீர். மேல்வரிசை முன்பல்லில் ஒன்று இல்லாத உம் சிரிப்பு. எனக்கு இன்னும் ஏறியது. அது அப்பள ஸ்டாண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே அது உண்மையாகிவிட்டது. வெறும் ஸ்டாண்டைப் போட்டால் வாங்குகிறவனுக்குப் புரியாது, நாலு அப்பளமும் சேர்த்துப் போடுவோம் என்றேன். இரண்டு நாள் வாதாடினோம். சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "செப்புச் சாமானுக்கு ரெண்டு பேரும் இந்தப் பாடு படுதிய. வீட்டுல நெசப் பானையில அரிசி இருக்கான்னு யாராவது கேட்டியளா?"

மூன்றாம் நாள் நீர் விட்டுக்கொடுத்தீர். "சரி வே, உம்ம அப்பளத்தையே வெட்டுதேன். மாதிரிக்கு நல்லதா நாலு பொரிச்சுக் கொண்டாரச் சொல்லும்."

அவள் பொரித்துக் கொண்டுவந்தாள். நீர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கொப்புளம் எங்கே எழும்புகிறது, ஓரம் எப்படி நெளிகிறது என்று பார்த்தீர். பார்த்துக்கொண்டே ஒன்றைக் கடித்தீர்.

"மாதிரியத் தின்னா எதப் பாத்துவே வெட்டுவீரு?"

"கடிச்சாத்தான்வே அது அப்பளம். கடிக்காதது வெறும் வட்டம்" என்றீர்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. நீர் மெழுகில் செய்து கொடுத்த மாதிரியைச் சேட்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விரலால் உருட்டி, "யே க்யா ஹை, சக்கரமா?" என்று கேட்டார். திரும்பி வந்து ஒரு மணி நேரம் புலம்பினேன். நீர் பீடியை அணைத்துவிட்டு, டை வெட்ட உட்கார்ந்தீர்.

நாலு குழி உள்ள டை. ஒரு அழுத்தில் நாலு அப்பளம், ஒரு பெட்டிக்குச் சரி. முதல் சரக்கு இறக்கிய அன்று சேட்டும் வந்து நின்றார். அச்சைத் திறந்தால் மூன்று முழுசு, ஒன்றுக்கு ஓரம் இல்லை. பிளாஸ்டிக் நிரம்பவில்லை என்று நினைத்து சூட்டைக் கூட்டினேன். பலம்கொண்ட மட்டும் பிடியை இழுத்தேன். பத்துத் தடவை இழுத்தாலும் அதே ஒன்று, அதே இடம். சேட்டு எடுத்துப் பார்த்து, "அரே அண்ணா, டூட்டா ஹுவா மால்?" என்றார். உடைந்த சரக்காம். உடம்பெல்லாம் எரிந்தது.

"கண்ணு மங்கிப்போச்சுவே உமக்கு. கையும் நடுங்குது. உளிய வழுக்க விட்டுட்டு வாய மூடிக்கிட்டு நிக்கீரே" என்று அவர் முன்னாலேயே கத்தினேன்.

நீர் மண்ணெண்ணெயில் கையைக் கழுவினீர். விரல் விரலாகத் துடைத்தீர். "நல்லா பாரும்வே. பாத்துட்டுச் சொல்லும்" என்றீர். போய்விட்டீர். மறுநாள் வேறு சந்தில் வேறு பட்டறையில் உட்கார்ந்துவிட்டீர் என்று கேள்விப்பட்டேன்.

சேட்டு அதே சரக்கைப் பெட்டியில் போட்டு விற்றுவிட்டார். நான்தான் விடவில்லை. பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னேன்: டையைக் கெடுத்துவிட்டு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனவர் என்று. நைன்டி ஃபீட் ரோட்டில் எதிரே வந்தால் நான் கடைப்பக்கம் திரும்பிக்கொள்வேன். உமக்கு நெஞ்சுவலி என்று தெரிந்தபோதும், முதலில் அவர் வரட்டும் என்று இருந்தேன். நெஞ்சுவலிக்காரர் வரட்டும் என்று! உம் மையத்து எடுத்த அன்று நான் இந்த வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "அப்பளம்னா இதுல எங்க தெரியறது, காட்டுங்கோ."

நான் பார்த்தேன். கொப்புளங்கள் இருந்தன. நெளிந்த ஓரம் இருந்தது. பிறகு அந்தக் குறைபட்டதை எடுத்தேன். உடைந்த ஓரம் இப்படி இருக்காது. இரண்டு சின்ன வளைந்த பள்ளம், நடுவில் கடிபடாமல் நிற்கிற ஒரு மேடு. முன்பல்லில் ஒன்று இல்லாத ஒருவர் கடித்த கடி.

கண்ணாடியை வைத்துவிட்டேன். பல் தெரிந்தது மட்டும் காரணம் இல்லை. பல்லைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், அன்று என்னிடம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இதற்குக் கண்ணாடி வேண்டாம்: டையில் வெட்டிய பள்ளத்தில்தான் பிளாஸ்டிக் போய் நிரம்பும். உளி வழுக்கினால் பள்ளம் பெரிதாகும். அப்பளத்தில் ஒரு துருத்தல் கூடும், துண்டு குறையாது. குறைய வேண்டுமானால் அந்த இடத்து இரும்பை வெட்டாமல், சுற்றி நுணுக்கி நுணுக்கி எடுத்து, வேண்டுமென்றே நிற்கவிட்டிருக்க வேண்டும். இது முதல் வருஷம் மிஷின் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நானே கற்றேன், நானே கற்றேன் என்று மார்தட்டினவன், கற்றதில் முதல் பாடத்தை அந்த ஒரு நாள் மறந்தேன். பிறகு மறந்தபடியே இருந்துவிட்டேன்.

எனக்காகத்தானே வெட்டினீர்? அது ரொட்டி ஸ்டாண்டு என்று உமக்கு நிச்சயம் தெரியும். ஆனாலும் என் அப்பளத்தைச் சேட்டு சக்கரம் என்று சொன்னது உமக்குப் பொறுக்கவில்லை. பார்க்கிறவனுக்கு அது தின்கிற பண்டம் என்று தெரியட்டும் என்று ஒரு கடி கடித்து வைத்தீர்.

அவளிடம் எல்லாம் சொன்னேன். பேனாவை எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது, இங்கிலீஷில் எழுதினாள். வட்டத்துக்கு நேரே அப்பளம் என்று போட்டாள். கடிக்கு நேரே உம் பேரை எழுதச் சொன்னேன், எழுத்து ஒவ்வொன்றாகச் சொல்லி. "ஸ்டாண்டுக்கு என்ன போடறது, அங்கிள்? அப்பள ஸ்டாண்டா?"

வாய் வரை வந்தது பாய், ஆமாம் என்று. விழுங்கினேன்.

"ரொட்டி வைக்கிறதும்மா."

"ரொட்டி ஸ்டாண்டுல அப்பளமா? க்ரூப்ல இன்னும் சண்டை போடுவாளே!"

"போடட்டும். ரெண்டு பேரு செஞ்சதுன்னு எழுது."

பெட்டியை மூடும்போது அந்த ஒன்றை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். செட்டில் ஒன்று குறைந்தால் மதிப்புப் போய்விடுமாம்; பரவாயில்லை, அவளிடம் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறதாம்.

உம்மேல் எனக்குள்ள கோபம் முழுதும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சேட்டு முன்னால் வாயைத் திறந்து ஈ என்று ஒரு தடவை காட்டியிருந்தால் போதும், நான் சிரித்திருப்பேன். காட்டாமல் போனது உம் பிடிவாதம். அதில் நீர் எனக்கு இளைத்தவர் இல்லை.

இப்போது எழுதும்போதும் இடது கை பைக்குள் இருக்கிறது. நகம் போய் அந்தக் கடியில் நிற்கிறது. ஒரு பள்ளம், ஒரு மேடு, மறுபடி பள்ளம். நல்லா பாரும்வே, பாத்துட்டுச் சொல்லும் என்றீர். பார்த்துவிட்டேன் பாய். உம் கை நடுங்கவில்லை.