இரு வெற்றிலை வாங்கியதால் குடம் மறுக்கப்பட்ட மணல்துறையூராருக்கு

வெண்கரை நாடாளும் இளவெயினிப் பெருந்தேவியார் ஆணைப்படி, அவர்தம் அமைச்சரும் ஓடக்கட்சித் தலைவருமாகிய அதிகன் கூத்தன், மணல்துறையூர் ஊரவைக்கும் அங்கு ஓடம் வலிக்கும் எழுநூறு வீட்டாருக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் துறையில் நீர் வற்றாதிருக்க. போன ஓடமெல்லாம் ஆளோடு கரை திரும்ப.

அடுத்து நலம் கேட்பது முறை. அதைக் கேட்க அமைச்சருக்கு முகமில்லை.

ஓடக்கட்சியை நாற்பது ஆண்டுகள் பேரவையில் இருத்தியது உங்கள் ஊர். தேர்தலுக்கு முன் கட்சியார் வீட்டுக்கு வீடு வெற்றிலை வைப்பதும், வாங்கியவர் அவர்களுக்கே குடத்தில் ஓலை இடுவதும் நாட்டு வழக்கம். இரு தரப்பிலும் வெற்றிலை வாங்கியவர் குடத்தருகே வரலாகாது என்பது சட்டம்.

இவ்வாண்டு கட்சி இரண்டாயிற்று. பேரவையில் முதல் இருக்கை அமைச்சருக்கா, அவர் மைத்துனர் கண்டன் மாராயருக்கா என்பதைத் தவிர அந்தப் பிளவுக்கு வேறு காரணம் இல்லை. திங்களன்று அமைச்சரின் ஆட்கள் வெற்றிலை வைத்தார்கள். வியாழனன்று மாராயரின் ஆட்கள் வைத்தார்கள். எல்லாம் ஒரே கட்சிதானே என்று நீங்கள் இரண்டையும் வாங்கினீர்கள்.

குடம் வைத்த நாளில் ஊர் மாராயர் பக்கம் சாய்வதை அமைச்சர் கண்டார். உடனே எழுந்து, இவர்கள் இரு வெற்றிலை வாங்கியவர்கள், தடுக்க வேண்டும் என்று முறையிட்டார். முறையிட்டது வேறெவரும் அல்லர், அவரே.

வரிசையின் முன்னால் நின்ற ஓடக்காரி பொன்னிலாள் கேட்டது இன்னும் அவர் காதில் இருக்கிறது.

“ஏங்க அமைச்சரே, ரெண்டும் ஒங்க கட்சி வெத்திலதானேங்க? வீடு தேடி வந்து குடுத்தீங்க, மரியாதைக்கு வாங்குனோம். அது குத்தமா?”

அவளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “குடுத்தவன் ரெண்டு பேரும் உள்ள நிக்கிறான், மென்னவன் வெளிய நிக்கிறான். நல்லாருக்குய்யா ஒங்க நியாயம்! துப்பிட்டு வந்தா விடுவீங்களா?”

அமைச்சரின் ஆட்கள் சிரித்தார்கள். அமைச்சரும் சிரித்தார்.

எழுநூறு வீட்டாரும் ஓலை இடாமல் திரும்பினீர்கள். எதிர்த்து நின்ற மலைக்கட்சி வென்றது. சட்டப்படி இன்னும் மூன்று தேர்தலுக்கு உங்களுக்குக் குடம் இல்லை என்றாயிற்று. அத்தடையை நீக்க வேண்டி தேவியார் முன் வாதாடியவரும் மலைக்கட்சித் தலைவரே. இவர்கள் உங்கள் கட்சி ஊரார் அல்லவா, தடுத்தது யார் என்று தேவியார் இருவரையும் வினவியபோது, அமைச்சர் மாராயரைக் காட்டினார், மாராயர் அமைச்சரைக் காட்டினார். தேவியார் இருவர் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனார்.

அதன் பிறகு உங்கள் ஊரில் பாதிப் பேர் மலைக்கட்சிக் கொடியை ஓடத்தில் கட்டியிருப்பதாக அமைச்சர் கேள்விப்பட்டார். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்கே வெட்கப்பட்டார்.

ஆகவே தேவியார் ஆணை இது. மணல்துறையூராரின் தடை இன்றே நீங்குகிறது. இனி இரு வெற்றிலை வந்தால் குற்றம் வைத்தவருடையது, வாங்கியவருடையதன்று. மூன்று தேர்தல் தடை அதிகன் கூத்தன் மேல் ஏறுகிறது. அவர் கேட்டே ஏறுகிறது. நீங்கள் யாருக்கு ஓலை இட்டாலும், ஏன் என்று கேட்க ஓடக்கட்சியார் எவரும் உங்கள் படித்துறையில் கால் வைக்கலாகாது.

ஊரவைத் தலைவர் இவ்வோலையை எல்லாரும் கூடியிருக்கும்போது முழுவதும் படிக்கக் கடவர். அமைச்சர் சிரித்தார் என்ற வரியை விட்டுவிடலாகாது.

தேவியார் சொல் ஆற்றின் இரு கரையிலும் செல்லுக. இதனடியில் அரச முத்திரையும் அமைச்சர் முத்திரையும் இடப்பட்டன. மூன்றாவது இடம் கண்டன் மாராயருக்கு உரியது. மூன்று முறை ஆள் அனுப்பியும் அவர் வரவில்லை. அந்த இடம் வெறுமையாகவே வருகிறது.