தந்தை வழிப் பக்கம்

மகளிர் விடுதி,
கல்வியியல் கல்லூரி,
கண்டி.
12.02.2024

திரு. ராஜலிங்கம் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாலம்மாவின் மகள் சுகிர்தா. உங்கள் கடை முகவரியை இராமகிருஷ்ணன் மாமா தந்தார். அவரைக் கோபிக்க வேண்டாம். நான்தான் மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

இங்கே உடற்கல்வியும் சுகாதாரமும் பாடமாக எடுத்து இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆசிரியையாக வெளியே போவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் குடும்பத்தின் சுகாதார வரலாற்றை மூன்று தலைமுறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்கு என்ன நோய், யார் எந்த வயதில் எதனால் இறந்தார், உயிரோடு இருப்பவர்களின் பிரஷர் என்ன, நாடித்துடிப்பு என்ன என்றெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. அவரவர் கையாலேயே நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும். தாய் வழிப் பக்கம் முடிந்துவிட்டது. தந்தை வழிப் பக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘தெரியாது’ என்று எழுதிக் கொண்டுபோனேன். எங்கள் விரிவுரையாளர் ஜெஸீமா மிஸ் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். “தெரியாது எண்டு ஒரு நோய் இல்ல மகள்” என்றார்.

படிவத்தையும் முத்திரை ஒட்டிய உறையையும் வைத்திருக்கிறேன். மாத முடிவுக்குள் கிடைத்தால் போதும். வேறு எதையும் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
பா. சுகிர்தா
ஆசிரியப் பயிலுனர்


திகன,
17.02.2024

என் அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

வேறு எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். பதினாறு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு உறையும் கொடுத்து முத்திரையும் ஒட்டிக் கொடுத்தால் அவன் சும்மா இருப்பானா? மன்னித்துக்கொள்.

தபால்காரர் வந்தபோது கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். அனுப்பியவர் பெயரைப் பார்த்த கையோடு, அரைக் கிலோ கேட்டவருக்கு ஒன்றரைக் கிலோவை அள்ளிப் போட்டுவிட்டேன். “என்ன ராஜலிங்கம், கடயத் தானம் குடுக்கப் போறியா?” என்று பாயிஸ் முதலாளி சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் மனுசன் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றித் தந்தார்.

உடற்கல்வி என்றால் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதில் நாடியும் நோயும்கூட வருகிறதா? நீ ஓடுவாயா? எந்த ஓட்டம்? உயரம் யார் மாதிரி? ஒரு போன் நம்பர் தருவாயா?

படிவத்தை நிரப்பியிருக்கிறேன். கடவுள் புண்ணியத்தில் நம் பக்கத்தில் யாருக்கும் ஒரு நோயும் இல்லை. என் அப்பாவும் பெரியண்ணனும் வயதாகிப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குக் கல்லு மாதிரி உடம்பு. பிரஷர் 120/80, நாடி 72. உனக்கு முழு மார்க்கும் கிடைக்க வேண்டும்.

அம்மா சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
ராஜலிங்கம்

கையெழுத்துக்கு மேலே அடித்திருப்பது ‘அப்பா’ என்ற சொல். பேனா தானாகப் போய்விட்டது.


கண்டி,
24.02.2024

திரு. ராஜலிங்கம் அவர்களுக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். 120/80 என்பதும் 72 என்பதும் எங்கள் பாடப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. புத்தகத்தைப் பார்த்து எழுத எனக்கே தெரியும். ‘வயதாகி’ இறந்த பெரியப்பாவுக்குப் பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கழித்துப் பார்த்தால் நாற்பத்தாறு வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கழித்தல் கணக்கில் மறைக்க முடியாது.

இது கல்யாணத் தரகருக்குக் கொடுக்கும் தாள் இல்லை. உடம்பு நன்றாக இருந்தால் மார்க் கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் மார்க்.

நாடி பார்க்கும் முறையைச் சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும், எழும்புவதற்கு முன், மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர் கீழே மற்றக் கையின் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் வையுங்கள். பெருவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஐந்து நாள் எண்ணி ஐந்தையும் எழுதுங்கள். பிரஷரைக் கிளினிக்கில் பார்த்து அவர்கள் எழுதித் தரும் துண்டுச் சீட்டை அனுப்புங்கள்.

விடுதியில் போனை வார்டன் வாங்கி வைத்துவிடுவார். கையில் இருந்தாலும் நம்பர் தர மாட்டேன்.

1500 மீட்டர் ஓடுகிறேன். உயரம் ஐந்தடி ஐந்து. அம்மா ஐந்தடிகூட இல்லை. யார் மாதிரி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகிர்தா


திகன,
05.03.2024

அன்பு மகளுக்கு,

96, 92, 98, 94, 97. சத்தியமாக எண்ணியது. முதல் நாள் விடியற்காலை விரலுக்குக் கீழே ஒன்றுமே அகப்படவில்லை. பயந்துபோய் முன் வீட்டுக் கதவைத் தட்டி முதலாளியை எழுப்பினேன். “மையித்து கதவத் தட்டுமா? போய்ப் படு” என்று அனுப்பிவிட்டார். அவர்கள் பேச்சில் மையித்து என்றால் பிணம். பிறகு அவர் மகள் பஸ்லினாதான் இடத்தைக் காட்டித் தந்தாள். போன முறை 120/80 என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ‘நல்ல நம்பர் எது?’ என்று நான் கேட்டேன், பாவம், அவள் நல்ல நம்பரைச் சொன்னாள்.

கிளினிக்கில் 170/104 என்று வந்தது. டொக்டர் சிங்களத்தில் நன்றாக ஏசினார். மாத்திரை தந்திருக்கிறார்.

என் அப்பா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றபடியே விழுந்தார். வயது நாற்பத்துநான்கு. அண்ணன் நாற்பத்தாறில் பஸ்ஸுக்குள். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. மாரில் ஒரு பிடிப்பு வந்தால் போதும், அன்றைக்குப் பூராவும் யாரோடும் பேசமாட்டேன். அவ்வளவு பயம்.

நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்க வரும்போது, ‘இவள் பரம்பரைக்கு நெஞ்சுவலி’ என்று ஒருவன் சொல்லிவிட்டால்? அதற்குத்தான் பொய் எழுதினேன். உனக்கு நான் ஒரு சட்டைகூட வாங்கித் தந்தவன் இல்லை. தந்த ஒன்று இதுவாகவா இருக்க வேண்டும்?

‘மதுப் பழக்கம்’ என்ற கட்டத்தில் முன்பு கோடு கிழித்திருந்தேன். இப்போது இருபது வயதிலிருந்து நாற்பத்திரண்டு வரை என்று எழுதியிருக்கிறேன். கட்டம் சின்னது, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். உன் அம்மாவின் இடது கையை முறித்தவன் நான். குடித்துவிட்டுச் செய்தது. அவள் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது சரி. ஏழு வருடமாகத் தொடவில்லை. அதனால் முறிந்த கை முறியாததாகிவிடாது என்று தெரியும்.

ராஜலிங்கம்


கண்டி,
15.03.2024

வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மைதானத்துக்குப் போய் ஆறு சுற்று ஓடினேன். அன்றைக்கு ஓட வேண்டியது மூன்றுதான்.

போன வருடம் மூட்டு அசைவு என்று ஒரு செய்முறைப் பாடம். வீட்டில் ஒருவருக்குக் கை, கால், கழுத்து எவ்வளவு தூரம் அசைகிறது என்று அளந்து வரச் சொன்னார்கள். அம்மாவை அளந்தேன். வலது கை காதோடு ஒட்டி நேராக மேலே போனது. இடது கை தோள் மட்டத்துக்கு மேல் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். “கட்டில்ல இருந்து விழுந்தேன், ஒனக்கென்ன, எழுதிக்க” என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். அதற்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது மார்க்.

உங்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. பதினாறு வருடம் யாரும் எனக்கு உண்மையைச் சொல்லவில்லை. கடைசியில் அதைச் சொன்ன ஆளும் நீங்களாகத்தான் இருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். மிஸ் இரண்டு முறை படித்தார். இனி நீங்கள் எழுதக் காரணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் சுகமானதும் ‘இனி எதுக்கு’ என்று விடுகிறவர்கள்தான் விழுகிறார்கள். உப்பைக் குறையுங்கள், கருவாட்டை மறந்துவிடுங்கள். தினமும் அரை மணி நேரம் கைவீசி நடங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. நாடி எவ்வளவு என்று எழுதுங்கள்.

சுகிர்தா


திகன,
04.04.2024

அன்பு மகளுக்கு,

நாடி 90. ஒவ்வொரு காலையும் நடக்கிறேன். பேச முடிகிறதா என்று பார்க்கத் துணைக்கு ஆள் இல்லாததால் உன்னோடு பேசிக்கொண்டு நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குப் பழைய பழக்கம் திரும்பிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று அவர் எனக்காகச் சண்டை பிடித்தார்.

மகளே, ஒன்று கேட்கிறேன். உங்கள் கல்லூரி விளையாட்டுப் போட்டி மே மாதம் என்று இராமகிருஷ்ணன் மச்சான் சொன்னார். நீ ஓடுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். பக்கத்தில் வர மாட்டேன், கூப்பிட மாட்டேன். மைதான வேலிக்கு வெளியே நின்றாலும் போதும். இங்கேயிருந்து உன் விடுதிக்கு ஒரு மணி நேரப் பயணம். சவூதியில் இருந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். ஒரு மணி நேர தூரத்தில் நீ இருக்கிறாய் என்பதுதான் என்னைக் கொல்கிறது.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ராஜலிங்கம்


கண்டி,
06.05.2024

வணக்கம்.

வரச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

நேற்று ஞாயிறு, வீட்டார் பார்க்க வரும் நாள். அம்மா சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் தட்டுக் கழுவப் போன நேரத்தில் என் பாடக் குறிப்புக் கொப்பிக்குள் இருந்த உங்கள் கடிதங்களை எடுத்துவிட்டார். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நான் திரும்பி வந்தபோது பிரிக்காத சோற்றுப் பார்சலைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். ஏசவில்லை, அழவில்லை. “நீ கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்ல” என்று மட்டும் சொன்னார். நான் கேட்டேன், அவர் கட்டில் என்றார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறும் வரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தையல் மெஷினில் ஒரு கையால் துணியைத் தள்ளித் தள்ளித்தான் என்னை இவ்வளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். போட்டிக்கு வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

சுகிர்தா


அஞ்சலட்டை
திகன, 20.05.2024

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை. 86.
ரா.


அஞ்சலட்டை
திகன, 08.07.2024

84. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை.
ரா.


அஞ்சலட்டை
திகன, 23.09.2024

80. இங்கே நல்ல மழை. மழையைப் பற்றி எழுதினால் அது கடிதமாகிவிடாது என்று நினைக்கிறேன்.
ரா.


அஞ்சலட்டை
திகன, 16.12.2024

78. பிரஷர் 134/86. டொக்டர் முதல் முறையாகச் சிரித்தார். நீ விடுதியை விட்டுப் போயிருந்தால் இந்த அட்டை யார் கைக்குப் போகுமோ தெரியாது. யாராக இருந்தாலும், வாசித்ததற்கு நன்றி.
ரா.


காட்டுகஸ்தோட்டை,
22.01.2025

அப்பாவுக்கு,

அட்டை என் கைக்குத்தான் வந்தது. எல்லா அட்டையும் வந்தது. முதல் அட்டைக்கே பதில் எழுதியிருந்தேன். தபாலில் போடவில்லை.

போட்டியில் இரண்டாவதாக வந்தேன். கடைசிச் சுற்று வரைக்கும் முன்னால்தான் இருந்தேன். வேலிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் போய்விட்டது. வராதே என்று எழுதியவளும் நான், தேடியவளும் நான். என்னிடம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஓடும்போது திரும்பிப் பார்க்காதே என்று எந்த முகத்தோடு சொல்லப்போகிறேனோ.

விடுதிப் படிப்பு முடிந்தது. இனி ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. திகனயில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டிய பாடசாலை ஒன்று கிடைத்திருக்கிறது. நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் பட்டியலில் பார்த்ததும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். துணி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார். “எனக்கும் அந்தாளுக்கும் ஒண்ணுமில்ல. ஒனக்கு அப்பா இல்லன்னு நான் சொல்ல முடியுமா? பாக்கணும்னா போயி பாரு. வந்து என்கிட்ட கத சொல்லாத, அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு, முதல் நாளுக்குக் கட்டிக்கொண்டு போக எனக்குச் சேலைக்கு ஓரம் தைத்துத் தந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் திகனயில் இறங்குவேன். அடுத்த பஸ் ஏழு மணிக்கு. கால் மணி நேரம் இருக்கிறது.

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுதவே கை வரவில்லை. வீட்டில் இருந்த படங்களில் எல்லாம் அம்மா உங்களை வெட்டி எடுத்துவிட்டார். நீங்கள் போகும்போது எனக்கு ஆறு வயது. ஒரு மீசை மட்டும் நினைவிருக்கிறது, அதுகூட நிஜமா நானாக நினைத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் நின்றால் அதில் யார் நீங்கள் என்று எனக்குத் தெரியாது அப்பா.

பச்சைச் சேலை கட்டியிருப்பேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. நீங்கள்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

மகள்,
சுகிர்தா