கை தூக்காத ஓட்டு

ராயபுரம்,
ஜய வருஷம் ஐப்பசி மாதம்.

என் கண்ணு மங்கைக்கு, அம்மா முத்தம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் மாமனார் வீட்டாரும் நலம், அதுவும் இரண்டு வீடும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு நலம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளை குமாரவேலும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க அங்காளம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் நான் சரியாக எதுவும் எழுதவில்லை, எழுதினால் இந்த நேரத்தில் நீ பயந்துபோவாய் என்று விட்டுவிட்டேன், இப்போது தலைக்குமேல் இருந்தது இறங்கிவிட்டதால் எழுதுகிறேன். நம் டிவிஷன் கவுன்சிலர் காலமானது உனக்குத் தெரியும். அந்த இடத்துக்குக் கட்சி அபேட்சகராக நிற்கவேண்டுமென்று உன் நைனாவும் கேட்டார், உன் மாமனாரான என் அண்ணனும் கேட்டார். ஹார்பர் கிரேன் ஆட்களெல்லாம் உன் நைனா பக்கம், கட்டுமரக்காரர்கள் எல்லாம் உன் மாமனார் பக்கம். நல்லநாள் பொல்லாதநாள் எல்லாம் ஒரே இலையில் சாப்பிட்ட மச்சான்மார் இருவரும் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அண்ணன் குழாயடியில் நின்று ஊர் கேட்க, அவன் குறுக்கால பூந்து சீட்டு வாங்கினான்னா என் மருமவள பிரசவத்துக்கு அந்த வூட்டுக்கு அனுப்ச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உன் நைனா சும்மா இருப்பாரா, நானா குறுக்கால போறேன், அவருதான் கட்சி ஆபீசுக்குக் கூடை கூடையா வஞ்சிரம் அனுப்சிகினு கீறாரு என்று பதிலுக்குக் கத்தினார். தலைப்பிரசவத்துக்கு நீ என் வீட்டுக்கு வராமல் போய்விடுவாயோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன தடவை விறகுத்தொட்டி முதலாளி வீட்டு மாடியில் நாலு பேர் காபி குடித்துவிட்டு ஆளை முடிவு செய்தார்கள். அதைப்பற்றி இன்னும் பேசித் தீரவில்லை. இந்தத் தடவை டிவிஷன் மெம்பர்களே கூடித் தேர்ந்தெடுக்கவேண்டுமென்று மேலிடம் சொல்லி, நடத்திவைக்க லியோனார்ட் ஐயாவை அனுப்பியது. பெரம்பூரில் வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர், நம்மில் யாருக்கும் உறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். பெண்பிள்ளை மெம்பர் நானும் சிலுவையம்மாளும்தான். யார் யாருக்கு யார் வேண்டுமோ கை தூக்குங்கள் என்றார் ஐயா. ஒரு பக்கம் புருஷன் பார்க்கிறார், ஒரு பக்கம் கூடப்பிறந்தவர் பார்க்கிறார். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். நான் கை தூக்க மாட்டேன் ஐயா, தூக்குனா ரெண்டுல ஒரு வூடு எனக்கு இல்லன்னு ஆயிடும் என்றேன். சரியம்மா, என் காதில் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார் அவர். அது எப்படி ஐயா முடியும், என் புருஷன் பேர நான் இந்த வாயால சொன்னதே கெடயாது, நான் வாயத் தொறந்தாலே அண்ணனுக்குத்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபூடுமே என்றேன். கொட்டகையே சிரித்தது. உடனே சிலுவையம்மாள் எழுந்து, இவுங்களுக்கு மட்டும் இல்ல, நாளைக்கு கட்டுமரத்துல ஏறி கடலுக்குப் போறவன் மரத்துக்காரர் எதிர்ல எப்டி கை தூக்குவான் என்று கேட்டாள் பார், சிரிப்பு அடங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டிருந்த ஆண்பிள்ளைகள் பலபேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அப்புறம் பொதுத்தேர்தலில் ஆளுக்கொரு பெட்டி வைத்துப் போட்டோமே, அதேமாதிரி ஆயிற்று. உள் அறையில் இரண்டு பிஸ்கட் டின், ஒன்றில் கிரேன் படம், ஒன்றில் கட்டுமரப் படம். உன் நைனாவும் அண்ணனும் இரண்டையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து மூடியைத் தாங்களே ஒட்டினார்கள். ஐயா கையெழுத்துப் போட்ட சீட்டை ஆளுக்கொன்றாக வாங்கிப் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். எண்ணும்போதும் அவர்கள் இருவரும் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரே ஒரு ஓட்டில் அண்ணன் ஜெயித்தார். உன் நைனா டின்னைக் கீழே வைத்தார். பிறகு, நானே கவுத்துப் பாத்தேன், நானே எண்ணினேன், இன்னா பண்றது, தோத்துட்டேன் மச்சான் என்று தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணனுக்குப் போர்த்தினார். அண்ணன் தேம்பி அழுதுவிட்டார். நேற்று நாமினேஷனில் அண்ணன் பெயரைப் பிரேரணை செய்து கையெழுத்துப் போட்டவரும் உன் நைனாதான்.

ஆகையால் நீ தை பிறந்ததும் கவலையில்லாமல் என்னிடம் வா, மாமனாரே ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டார். குடம் தூக்காதே, மாடிப்படி மெதுவாக ஏறு, டாக்டரம்மா கொடுத்த மருந்தைக் கசக்கிறதென்று கொட்டாதே.

இன்னொன்று. அண்ணன் எனக்கு ஒரு சின்னாளப்பட்டுப் புடவை எடுத்து வந்து, உன் ஒரு ஓட்டுலதான் தங்கச்சி நான் கரையேறினேன் என்று கண் கலங்கினார். அன்று சாயங்காலமே உன் நைனா, கல்யாணமான புதிதில் வாங்கியதோடு சரி, ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து, ஊரே கைவிட்டாலும் நீ எனக்குத்தான் போட்டேன்னு தெரியும் முத்து என்றார். புடவையையும் கட்டிக்கொண்டேன், பூவையும் வைத்துக்கொண்டேன், இருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. நீயும் கேட்டு எழுதாதே, மாப்பிள்ளையையும் கேட்கவிடாதே.

தீர்க்க சுமங்கலியாக, பிள்ளையும் கையுமாக நீ நன்றாயிருக்கவேண்டும். வரும் தேதியை முன்கூட்டி எழுது.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
முத்தம்மா