ஒரு பிடிப் பயறு

ஜாசின், மலாயா,
8.9.1952

அன்புள்ள இருசம்மாளுக்கு,

உன் பெஞ்சுக்காரி பராசக்தி எழுதுவது. காய்ச்சலா, கோபமா? ஒரு வாரமாக ஆளையே காணோம். பயறு முளைக்க வைக்கும் பாடத்துக்கு நீ வெறுங்கையோடு வந்ததால், "விஞ்ஞானத்தில் அக்கறை இல்லாதவர்கள் வெளியே நில்லுங்கள்" என்றார் மனோரஞ்சிதம் டீச்சர். எல்லாரும் சிரித்தோம். அதற்கா இவ்வளவு ரோஷம்? பக்கத்தில் நீ இல்லாமல் எனக்கு வகுப்பே பிடிக்கவில்லை.

உன் தோழி,
பராசக்தி

பெம்பான் ரோட்டுத் தோட்டம்,
11.9.1952

அன்புத் தோழிக்கு,

காய்ச்சலும் இல்லை, கோபமும் இல்லை. அன்று பயறோடுதான் கிளம்பினேன். வேலி போட்டதிலிருந்து தோட்டத்தை விட்டு ஒரு மணி தானியம் வெளியே போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கேட்டால் விடமாட்டார்கள் என்று சடைக்குள் முடிந்துகொண்டேன். கேட்டில் சோதனை போடும் அம்மா கண்டுபிடித்துவிட்டார். யாருக்கு என்றார்கள். டீச்சருக்கு என்றேன். அந்த டீச்சர் எந்தக் காட்டில் இருக்கிறார் என்றார்கள். முளைக்க வைத்துப் பார்க்க என்றேன்.

"பாக்கறதுக்கா பயறு? திங்கறதுக்கு இல்லியா?"

அதையேதான் இப்போது நானும் கேட்கிறேன். என்னை விட்டுவிட்டு, அப்பாவை நாள் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அப்பா திட்டவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. சயன்ஸ் உங்களுக்குச் சரி. எனக்குமா?

இருசம்மாள்

ஜாசின்,
15.9.1952

என் இருசம்மாளுக்கு,

உன் கடிதத்தை டீச்சரிடம் காட்டிவிட்டேன், வேண்டுமானால் கோபித்துக்கொள். மறுநாள் அவர் எங்கள் பயறையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, ரப்பர் விதை முளைக்க வைப்போம் என்றார். அதை யாரும் தின்பதில்லை, கேட்டிலும் தடுக்க மாட்டார்கள். டவுன் பிள்ளைகள் நாங்கள் தோட்டத்துக்குள் வர முடியாது. நீதான் கொண்டுவர வேண்டும்.

பராசக்தி

தோட்டம்,
18.9.1952

பராசக்திக்கு,

பஸ் கண்டக்டர் நாகமுத்து அண்ணனிடம் விதை மூட்டை கொடுத்திருக்கிறேன். கேட்டில் கொட்டிப் பார்த்து, சிரித்து விட்டுவிட்டார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. விதை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டீர்களா, என்னைக் கூப்பிட ஒரு விதை தேடினீர்களா? விதைதான் வந்துவிட்டதே, இனி நான் எதற்கு?

இருசம்மாள்

ஜாசின்,
19.9.1952

இருசா,

மூட்டையை அவிழ்க்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த மூட்டைக்கு இனி டிக்கெட் போடணும் லா என்று அண்ணன் முணுமுணுத்தார்.

பயறைத் தின்னாமல் எதற்குப் பார்க்க வேண்டும் என்ற உன் கேள்வியை டீச்சரிடமே கேட்டேன். "கேட்டது அவள். அவள் வரட்டும், சேர்ந்து யோசிப்போம்" என்றார்.

ரப்பர் விதை நாள்பட்டால் முளைக்காதாம். திங்கட்கிழமை நீயே கொண்டு வா. அன்று நானும் சிரித்தேன். அதற்கு என்னைத் திட்டவாவது வா.

பராசக்தி

தோட்டம்,
20.9.1952

பராசக்திக்கு,

மூட்டை வந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். மூட்டையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"வெதைய வேணாம்னு அனுப்பிட்டாங்களா? அப்ப உன்னத்தான் கேக்கறாங்க. போயிட்டு வா."

இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்.

இருசா