மூன்று நொடி முன்னால்

டிசம்பர் 4

இன்று ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு எழுத்துப் போட்டேன். நாற்பது நிமிடத்தில் அந்த அம்மாள் “இப்போ நல்லாக் கிளறணும்” என்று பதினொரு தடவை சொன்னார். பதினொன்றையும் எழுதினேன். யாரோ முகம் தெரியாதவர் ஒரு வார்த்தை விடாமல் படிக்க வேண்டும் என்று, பேசுகிற வசனத்தை நொடி பார்த்துத் திரையின் அடியில் ஒட்டுவதுதான் எட்டு வருடமாக என் பிழைப்பு.

வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்கிறார், “யாரு போன்ல?” அம்மா சொல்கிறாள், “ஒண்ணுமில்ல, விடுங்க.”

போனில் அக்கா. கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வருகிறாளாம். அதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்?

டிசம்பர் 5

எண்ணிப் பார்த்தேன். இன்று அப்பாவிடம் ஒன்பது “ஒண்ணுமில்ல, விடுங்க.” அதில் இரண்டு என்னுடையவை.

டிசம்பர் 7

போன கிறிஸ்துமஸ் மனதை விட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு வருடமும் அன்று மதியம் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். போன தடவை அத்தான் சொன்ன போர்ப் படம். நடுவில் ஏதோ ஒரு நகைச்சுவைக்கு நாங்கள் சிரித்தோம். அப்பா எங்கள் முகத்தையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். அக்கா மகள் வாலு – ஒன்பது வயது, அதன் வாயில் எதுவும் நிற்காது – “தாத்தா, எதுக்குச் சிரிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“கண்ணு எரியுது” என்று எழுந்தார் அப்பா. தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. முப்பது வருடம் பட்டறையில் லேத் ஓட்டியதில் போன காது அது. அவர் ஒன்றும் வேண்டுமென்று கெடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம் படம் சொல்ல வேண்டிய முறை என்னுடையது. அப்பா முதலிலிருந்து கடைசிவரை ஹாலில் உட்கார வேண்டும். நடக்கும். நடத்துவேன்.

டிசம்பர் 9

படம் கிடைத்துவிட்டது! எதிர் சீட்டுக்காரி கொடுத்தாள். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசுகிறது. ஆறாவது மாடியில் ஒரு பல் டாக்டர். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாள் நின்றுபோகிறது. சரிசெய்ய வரும் மெக்கானிக்கைப் பார்ப்பதற்காக டாக்டரம்மாவே அதைக் கெடுத்து வைக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தீராத வியாதி இல்லை, யாரும் சாகவில்லை, கடைசியில் பனி பெய்கிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன், சாப்பிட மறந்துபோனேன்.

குறை ஒன்றுதான். தமிழில் பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை. சரி, அதற்குத்தானே நான் இருக்கிறேன்.

டிசம்பர் 10

அத்தானிடம் போனில் மல்லுக்கட்டினேன். “காதல் படமா? நாங்க என்ன காலேஜா படிக்கிறோம்?” என்கிறார். “சண்டை இல்ல, சாவு இல்ல, பாத்து முடிச்சா மனசு லேசா இருக்கும். பிடிக்கலேன்னா அன்னைக்குப் பாத்திரமெல்லாம் நான் தேய்க்கிறேன். பிடிச்சுப்போனா நீங்க” என்றேன். அக்கா பின்னாலிருந்து சிரித்தாள். ஒப்புக்கொண்டார்.

டிசம்பர் 13

மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது வசனம். மேலாளரிடம் கேட்டேன். “மெஷின் சும்மா இருக்கிற நேரத்துல பண்ணிக்கோ” என்றார். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறேன்.

உச்சக்கட்டம்தான் பயமாக இருக்கிறது. லிஃப்டுக்குள் இருவரும் மாட்டிக்கொண்டு மனதில் இருப்பதைச் சொல்லிக்கொள்கிறார்கள். திரையில் நான்கு நிமிடம் மூடிய கதவு மட்டும். குரல் உள்ளிருந்து வருகிறது. காது கேட்காதவருக்கு அது நான்கு நிமிடக் கதவு. ஒரு எழுத்து தப்பினாலும் அவர் எழுந்து போய்விடுவார்.

டிசம்பர் 17

காது மெஷினைப் பற்றி வாயைத் திறந்தது என் தப்பு. “அதை வெச்சா கரண்டி விழுந்தாக்கூட இடி விழுற மாதிரி இருக்கு. நான் யாரையாவது தொந்தரவு பண்றேனா?” என்று கத்தினார்.

“இல்லப்பா. யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேங்கறீங்க. அதான் எனக்குத் தாங்கல.”

அவருக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டார். நானே – நானே! – “ஒண்ணுமில்ல, விடுங்க” என்றேன். நீயெல்லாம் ஒரு எழுத்துக்காரி. வெட்கமா இல்ல உனக்கு?

டிசம்பர் 18

560 வசனம்.

டிசம்பர் 23

முடித்துவிட்டேன். கதவு தட்டுவது, லிஃப்ட் மணி, தூரத்துப் பாட்டு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அலுவலகக் கணினியில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். கச்சிதம்.

டிசம்பர் 25

சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் அறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கினேன். “படிக்கிறதுக்கு எழுத்து போட்டிருக்கேன். வாங்க” என்று வாய் தெரியும்படி சொன்னேன். நாற்காலி போகிற இடத்துக்கு அவரும் வந்தார்.

படம் ஆரம்பித்தது. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே எழுத்து வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. பேச்சு காதில் விழுகிற மற்றவர்கள் அடியில் ஓடும் எழுத்தைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அலுவலகத்தில் வேலைக்கு எடுக்கும் படத்தில் முதலில் வரும் கம்பெனி முத்திரையை வெட்டிவிடுவோம். வீட்டில் போட்ட படத்தில் முத்திரை இருந்தது. மூன்று நொடி! எட்டு வருட அனுபவமாம், வீட்டு டிவியில் ஒரு தடவை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நிறுத்திச் சரிசெய்யலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

அப்போது அப்பா சிரித்தார். தனியாக.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அதற்குள் திரையில் மெக்கானிக் பேசினான்: “இந்த லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்ல மேடம். ஆறாவது மாடிக்கு வந்தாத்தான் உடம்புக்கு முடியாமப் போகுது.” “அப்ப வாயைத் திறக்கச் சொல்லுங்க, பாக்கறேன்” என்றாள் டாக்டர். ஹாலே சிரித்தது. அப்பா எங்களைப் பார்த்து, நான் அப்பவே சிரிச்சாச்சு என்பதுபோல் தலையாட்டினார்.

ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில் வாலு தாத்தாவின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். “தாத்தா தோள் குலுங்குது, ஜோக் வருது!” என்று எங்களுக்கு அறிவிப்பு வேறு.

பிறகு அந்த மூடிய கதவு. முந்திக்கொண்டு வரும் எழுத்தைப் படித்துவிடக் கூடாதென்று நாங்கள் எல்லோரும் கதவையே பார்த்தோம். காதல் படமா என்று கேட்ட அத்தான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். மெக்கானிக் கேட்டுவிட்டான், அவள் பதில் சொல்ல வேண்டும், சத்தமே இல்லை. அப்பா தொடையில் தட்டினார்.

“சரின்னுட்டா!”

“அப்பா!” என்று அக்கா கத்தினாள். “மாமா, கெடுத்துட்டீங்களே!” என்றார் அத்தான். “சொல்லாதீங்க தாத்தா!” என்று வாலு அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். எத்தனை வருடமாக அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று நாங்கள் அவரிடம் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிறோம்.

அப்பா நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணுமில்ல, விடுங்க” என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சிரிப்பால் வந்த தண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் வந்தது.

அத்தான் பாத்திரம் தேய்த்தார்.

டிசம்பர் 26

அந்த மூன்று நொடி என் தப்பு, சரிசெய்துவிடுகிறேன் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அதுல கையை வெச்சே, பாத்துக்கோ” என்றார்.

ஜனவரி 6

அத்தான் போர்ப் படத்தை அனுப்பியிருக்கிறார், மாமாவுக்கு எழுத்துப் போட்டுக் கொடு என்று. இதில் வசனம் குறைவு, வெடிச் சத்தம் அதிகம். நாளையிலிருந்து காலையில் ஒரு மணி நேரம்.

சாயங்காலம் ஹாலில் அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து காது மெஷினுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று சைகையில் கேட்டேன்.

“அன்னைக்கு நான் சொன்னதும் நீங்கள்லாம் கத்துனீங்களே,” என்றார், “அது சரியாக் கேக்கல.”