இருபது மீட்டர்

ஜூன் 16, திங்கள்

மன்னார்குடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்ததில் அது ஒன்றுதான் உருப்படி.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கூட்டுப் பயிற்சி ஆரம்பம். நான்கு வாரம். பிசியோதெரபிக்கு நான், நர்சிங்குக்கு அதிராம்பட்டினத்து அனீஸா, பார்மஸிக்கு இளவழகன். மூன்று கல்லூரி, மூன்று கலர் கோட்டு, ஒரே நோயாளி. மூன்று பேரும் சேர்ந்து பார்க்க வேண்டுமாம், ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டுமாம். பயிற்சிப் பொறுப்பாளர் மதிவாணன் சார் அரைமணி நேரம் பேசிவிட்டு ஆளுக்கொரு கற்றல் இலக்குப் படிவம் கொடுத்தார். முதல் கட்டம்: இந்தப் பயிற்சியில் நீங்கள் கற்க விரும்புவது என்ன?

எனக்கு எதையும் கற்க விருப்பமில்லை. அப்படி எழுத முடியாது. இது ஐந்தாவது போஸ்டிங். கட்டில் மாறுகிறது, ஆள் மாறுகிறது, எனக்கு மட்டும் எதுவும் உறைப்பதில்லை. எப்போதிருந்து இப்படி? தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுத் தூங்கப் போகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ராமாயி அம்மா. அறுபது வயது, வடுவூர்ப் பக்கம், நடவுக்குப் போகிறவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனம். பெயர், வயது, எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது, "கண்ணு, எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார். மணி மூன்றே முக்கால். படிவத்தை நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். "நாளைக்குக் கேக்கறேன்மா" என்று ஓடி வந்துவிட்டேன்.

சீனியர் பைல் என்று ஒன்று, பழைய பேட்ச்கள் நிரப்பிய படிவங்களின் தொகுப்பு, வாட்ஸ்அப்பில் சுற்றும். எல்லா பேட்ச்சும் அதைப் பார்த்துத்தான் இலக்கு எழுதும். நானும் எழுதினேன்: "ஒரு வாரத்தில் நோயாளியை இருபது மீட்டர் நடக்க வைத்தல்." குழுவின் பொது இலக்கு என்ற கட்டத்தில் மூன்று பேரும் "கலந்து பேசி முடிவெடுத்தல்" என்று எழுதினோம். மூன்று மேஜையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல்.

ஜூன் 18, புதன்

படிவத்தில் கையெழுத்தாகிவிட்டது. ராமாயி அம்மாவிடம் கேட்க மறந்துவிட்டேன். வெயில்.

ஜூன் 19, வியாழன்

ராமாயி அம்மா ஆறே அடி எடுத்து வைத்தார். இப்படியே போனால் இருபது மீட்டர் எங்கே வரும்? "மணிக்கு ஒரு தடவை கட்டிலப் புடிச்சிக்கிட்டு நீங்களே எந்திரிச்சு நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். "சரி கண்ணு" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

விழுந்துவிட்டார்.

காலை பத்தரை மணி. தனியாக எழுந்து நின்றிருக்கிறார். அவருடைய பி.பி. மாத்திரையின் அளவைச் செவ்வாயே கூட்டியிருக்கிறார்கள். எழுந்தால் தலை சுற்றலாம் என்று இளவழகன் தன் தாளில் எழுதி வைத்திருக்கிறான். பெல் அடிக்காமல் எழுந்திருக்காதீர்கள் என்று அனீஸா சொல்லி, அவள் தாளில் குறித்திருக்கிறாள். எழுந்து நில்லுங்கள் என்று சொன்னவள் நான். அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை.

உடைந்தது வலது மணிக்கட்டு. நன்றாக இருந்த கை.

ஏன் எழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "நானாத்தான் எந்திரிச்சேன்" என்றார் ராமாயி அம்மா. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கோட்டுப் பையில் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 21, சனி

நாள் முழுக்கத் தூங்கினேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

மருமகள் அனுராதா ஊட்டுகிறார். குறுவை நடவு நடக்கிறது, அந்தக் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நாலு வாய் வாங்கிவிட்டு ராமாயி அம்மா வாயை மூடிக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாய், அத்தே" என்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

அனீஸாவிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். "பாத்துக்க வேண்டியது நீதானேங்கறாங்க, வானதி. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்டி, எந்திரிக்காதீங்கன்னு. காலேஜுக்கு எழுதிட்டா எங்க வாப்பாகிட்ட என்ன சொல்லுவேன்?" மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான், "ஒண்ணும் ஆகாதுடி" என்றேன்.

சீ. நானெல்லாம் என்ன ஜென்மம்? வாயைத் திறந்தா போஸ்டிங் போயிடும், இன்டர்ன்ஷிப் தள்ளிப் போயிடும்னு கணக்குப் போடத் தெரியுது. பக்கத்துல ஒருத்தி அழறா, அது உறைக்க மாட்டேங்குது.

ஜூன் 24, செவ்வாய்

மதிவாணன் சாரிடம் சொல்லிவிட்டேன். சீனியர் பைலையும் காட்டினேன். கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தார்.

"இந்த இருபது மீட்டர் யாருக்கு எழுதினதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை.

"பைக்ல விழுந்து கால் ஒடஞ்ச பையன். இருபத்தாறு வயசு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாலு நாள் ஏம்மா பேசாம இருந்த?" என்றார். அனீஸா இனி விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டாமாம். எனக்கு இந்த நான்கு வாரமும் கணக்கில் வராது, முடிந்தபின் முதலிலிருந்து.

அனீஸா மத்தியானம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

ஜூன் 25, புதன்

சார் எங்கள் மூன்று படிவத்தையும் வாங்கிக்கொண்டு ஒரே வெள்ளைத் தாளைக் கொடுத்தார். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். உங்களுக்கு என்ன ஆகணும் என்று அனீஸா கேட்டாள்.

"என்னையா கேக்கறீங்க?" ராமாயி அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எஞ் சோத்த நானே திங்கணும். பச்சப்புள்ளையாட்டம் வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்க முடியல."

இடது கையைப் பழக்கலாம் என்றேன். "பீச்சாங்கையாலயா? போ கண்ணு!" என்றார். அனீஸா சிரித்துவிட்டாள். வலது கைதான் என்று தாளில் ஏறியது. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களுக்கு, டாக்டர் அனுமதித்த அளவுக்குப் பயிற்சி, நான். ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குவது அனீஸா. வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது இளவழகன்.

ஜூலை 2, புதன்

ஸ்பூன் மூன்று தடவை விழுந்தது. நான்காவது தடவை அவரே வீசினார்.

ஜூலை 9, புதன்

தயிர்சாதம், ஏழு வாய். யாரும் ஊட்டவில்லை. அனுராதா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் ராமாயி அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மொத நாளு ஒண்ணு சொல்ல வந்தேன், நாளைக்குக் கேக்கறேன்னு போயிட்டியே, ஞாபகமிருக்கா?"

"இருக்கும்மா."

"எந்திரிச்சா கண்ணு இருட்டுதுன்னு சொல்ல வந்தேன்."

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அனீஸா வந்து குழாயை மூடினாள்.

ஜூலை 14, திங்கள்

ராமாயி அம்மா சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மறுபடி முதல் வாரம், மறுபடி அதே படிவம். புது பேட்ச் பிள்ளைகள் சீனியர் பைலை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

பதினொன்றாம் கட்டிலில் துரைராசு என்று ஒரு பெரியவர், அவருக்கும் பக்கவாதம். பேச்சு குழறுகிறது, ஒரு வார்த்தை வர வெகுநேரமாகிறது. இளவழகனுக்குப் பதில் வந்திருக்கும் பையனையும் நர்சிங் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு மதிவாணன் சார் எட்டிப் பார்த்து, "படிவம் எங்கம்மா?" என்றார்.

"இன்னும் காலியாத்தான் இருக்கு சார். அவர் சொல்லிக்கிட்டிருக்காரு."