காரில் முருகனுக்குப் பக்கத்தில் ரேடியோ

ஞாயிறு, ராத்திரி.

பேரன் கார்த்தி பேங்க் பரீட்சை பாஸ். சின்னவள் மீனு ஓட்டத்தில் கப். பெரியவள் வித்யாவோ, தானே பேசி ஒலிபரப்புகிற ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸே வாங்கிவிட்டாள். செல்போன் எடுக்காத மலை ஊர்களிலிருந்து ரேடியோவில் சேதி சொல்ல, காலையில் காரில் கிளம்புகிறாள்.

ரேடியோப் பெட்டி சீட்டுக்கு அடியில். அதிலிருந்து கழற்றிய, பட்டன் உள்ள முகப்பு மட்டும் கண்ணுக்கு எதிரே நிற்கணும். டேப் போட்டு ஒட்டினாள். தில்லி வெயிலில் பசை இளகி மடியில் விழுந்தது. மலை வளைவில் இப்படி விழுந்தால் என்ன ஆகிறது? டாஷ்போர்டில் ஸ்க்ரூ பிடிக்கிற கெட்டியான இடம் ஒன்றுதான். அங்கே நான் வைத்த முருகன் இருக்கிறார். கேட்க வாய் வராமல் காரையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னடி, அவரை நகர்த்தணுமா?"

"கோச்சுக்க மாட்டீங்களே, பாட்டி?"

"மலைக்குப் போறதுன்னா அவர் ஓரமா உக்காந்துகூட வருவார். ஜல்தி முடுக்கு!"

இரும்புப் பட்டை வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கினாள். ஆர்.கே.புரத்துப் பள்ளம் ஒன்று விடாமல் ஓட்டினோம். முகப்பு அசையவே இல்லை. வித்யா மைக்கில் பேச, அதற்குள்ளிருந்து யாரோ ஒரு ஹிந்திக்கார பையா, "அச்சா, சாஃப் சுனாயி தே ரஹா ஹை" என்று, தெளிவாகக் கேட்பதாகச் சொன்னதும் நான் கை தட்டிவிட்டேன்.

காலையில் மறக்காமல் அவளிடம் சொல்லணும். மலையில் அந்த ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடு. போனில் வேண்டாம்டி, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு.